14 செ.மீ. இழுப்பறைக்காக ஓவனைத் தூக்கி வைக்க வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். தாம்பரம் பக்கம் புது ஃபிளாட். மாடுலர் கிச்சன் போடுகிறவர் ஒரு டால் யூனிட் (தரையிலிருந்து உயரமாக நிற்கும் அலமாரி) வரைந்து கொடுத்திருக்கிறார். கீழே பாத்திரத்துக்கு இரண்டு பெரிய இழுப்பறை, அதன்மேல் 14 செ.மீ. வார்மிங் டிராயர் (தட்டையும் சாப்பாட்டையும் சூடாக வைக்கும் இழுப்பறை), அதற்குமேல் 60 செ.மீ. ஓவன், உச்சியில் மைக்ரோவேவ். வீட்டில் நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வாரக் கடைசியில் கேக், பிஸ்கட் சுடுவீர்கள். ஞாயிறு சிக்கன். மாமியார் சைவம். மூன்றையும் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

ஓவன் வாங்குங்கள், கொஞ்சம் நல்லதாகவே. மைக்ரோவேவை அந்த உச்சியிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். வார்மிங் டிராயர் வேண்டாம். அதை வேண்டாம் என்பது காசுக்காக மட்டும் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளுக்கு அளவெடுத்தும் சாமான் பொருத்தியும் பல வருடம் ஓடிவிட்டது. ஓவன் தேர்வில் சறுக்கியவர்களை விட, அது உட்காருகிற இடத்தில் சறுக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் படத்தையே கூட்டிப் பார்க்கலாம். தரையிலிருந்து ஸ்கர்ட்டிங் (அலமாரியின் அடிப்பட்டை) 10 செ.மீ., இரண்டு இழுப்பறை 60, ஆக 70. வார்மிங் டிராயர் 14, ஆக 84. ஓவன் 60, ஆக 144. நடுவில் பலகைக் கனம் ஓரிரண்டு சென்டிமீட்டர். மைக்ரோவேவின் அடித்தளம் தரையிலிருந்து 146 செ.மீ. உயரத்தில் வருகிறது. மாமியார் ஐந்தடி என்கிறீர்கள், அதாவது 152 செ.மீ. அவர் கண் இருப்பது 141 செ.மீ. அளவில். ரசக் கிண்ணத்தைச் சூடாக்கி, தன் கண்ணுக்கு மேலே கையைத் தூக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாமல் எடுக்க வேண்டும். கிண்ணம் சாய்ந்தால் ரசம் விழுகிற இடம் முகம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வீட்டில் மைக்ரோவேவை அதிகம் தொடுகிறவரும் அவர்தான்.

இந்த 14 செ.மீ.யை எடுத்துவிட்டால் ஓவனின் அடி 70-இல் நிற்கும். 157 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு முழங்கை சுமார் 98-இல் இருக்கும். ஓவனின் நடுத்தட்டு கிட்டத்தட்ட அதே மட்டத்துக்கு வந்துவிடுகிறது. கனமான தட்டைக் குனியாமல், தோளுக்கு மேல் தூக்காமல் எடுக்க அதுதான் சரியான உயரம். மைக்ரோவேவுக்கு மேடைக்கு மேலே, பக்கத்து அலமாரியில், அடி 100 செ.மீ.க்குள் வருகிற மாதிரி ஒரு திறந்த தட்டு கேளுங்கள். இப்போது வைத்திருக்கும் மேசை மைக்ரோவேவே அதில் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக பில்ட்-இன் வாங்க வேண்டியதில்லை. சுற்றிலும் காற்றுக்கு இடம் விடுங்கள், போதும்.

சரி, வார்மிங் டிராயர் என்பது என்ன, யாருக்கு? அடியில் ஹீட்டர், சிறு விசிறி, மேலே கண்ணாடியோ எஃகோ போட்ட ஒரு தளம். பெரும்பாலும் 40 முதல் 80 டிகிரி வரை. சிலவற்றில் 30-இலேயே தொடங்கும். அதன் முதல் வேலை சாப்பாட்டைச் சூடாக வைப்பது என்று இங்கே சொல்லி விற்கிறார்கள். அது பிறந்த ஊர்களில் முதல் வேலை தட்டைச் சூடாக்குவது. குளிர்காலத்தில் ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ பீங்கான் தட்டு சில்லென்று இருக்கும். அதில் இறைச்சியும் கிரேவியும் வைத்தால் இரண்டே நிமிடத்தில் கொழுப்பு உறைந்துவிடும். அதனால் தட்டைச் சூடேற்றி, துணியால் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்து, முள்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். எவர்சில்வர் தட்டை 65 டிகிரிக்குச் சூடாக்கி யாருக்காவது போட்டால் விரல் சுட்டுக்கொண்டு திட்டுவார்கள். வாழை இலையை அதில் வைக்க முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது, அதன் உள் உயரம். வெளியே 14 செ.மீ. என்றால் உள்ளே பாத்திரத்துக்குக் கிடைப்பது எட்டு செ.மீ. அளவுதான். தட்டு அடுக்கலாம், காபிக் கோப்பை வைக்கலாம். சாம்பார்ப் பாத்திரம் மூடியோடு நுழையாது. இட்லிக் கொப்பரையைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பாடு வைக்கிற நோக்கம் நிஜமாகவே இருந்தால் 29 செ.மீ. உயர டிராயர் வாங்க வேண்டும். அது இன்னும் இடத்தைத் தின்னும், இன்னும் விலை. 14 செ.மீ. டிராயரே ஒரு இடைநிலை ஓவனின் விலையைத் தொட்டுவிடுகிறது.

மூன்றாவது, நம் பலகாரங்களுக்கு அந்த உலர்ந்த சூடு ஒத்துவருவதில்லை. தோசை பத்து நிமிடத்தில் துவண்டு தோலாகிவிடும். பூரியின் காற்று போனபின் எந்தச் சூடும் அதை எழுப்பாது. மூடாமல் வைத்த இட்லி காய்ந்து ஓரம் கெட்டியாகும். சப்பாத்திக்கு நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கிற ஹாட்பாக்ஸ் கரண்டே இல்லாமல் இதைவிட நன்றாக வேலை செய்கிறது. பிரியாணியை மூடி 75 டிகிரியில் வைத்தால் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை 80 டிகிரியில் வைத்த ஓவனே செய்யுமே.

சாப்பாட்டை வெதுவெதுப்பாக வைக்கிற ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உலக சுகாதார நிறுவனமும் சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் வைக்கத்தான் சொல்கிறது, வெளியே வைப்பதானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. டிராயரில் கோப்பைக்கான 40 டிகிரி நிலையில் கறிக்குழம்பை மூன்று மணி நேரம் விட்டுவிட்டு ‘சூடாகத்தானே இருந்தது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அது குழம்புக்கான சூடு இல்லை, கிருமிக்கான தொட்டில். இன்னொன்றும் உண்டு. ஆறிப்போனதைச் சூடேற்றும் சக்தி அதற்குக் கிடையாது. சூடாக இருப்பதைச் சூடாகவே வைத்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் யாருக்கு வாங்கச் சொல்வேன்? ஆளுக்கொரு நேரத்தில் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிடுகிற வீடு, அடிக்கடி இருபது பேருக்கு விருந்து வைக்கிற வீடு, பீங்கான் தட்டில் மேற்கத்திய உணவு பரிமாறுகிற வீடு. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிறவர்களுக்கும் 30 டிகிரியில் தொடங்கும் டிராயர் உதவும். டொராண்டோ, லண்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் தோசை மாவு பொங்க வேண்டும் என்று டிராயர் விசாரிப்பது உண்டு. 40-இல் தொடங்குகிற டிராயரில் மாவை வைக்காதீர்கள், ஓரத்தில் சீக்கிரம் கடுத்துவிடும். அங்கே எல்லாரும் செய்கிற வழியே நல்லது: ஓவனை அணைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைப்பது. தாம்பரத்தில் மாவு பொங்குவதற்கு இயந்திரம் தேவைப்படாது, பொங்கி வழியாமல் இருக்கத்தான் தேவை.

மனசு கேட்கவில்லை, பின்னால் ஒரு நாள் வாங்கலாம் என்று தோன்றினால், ஓவனின் அடியிலேயே 14 செ.மீ.யில் ஒரு சாதாரண இழுப்பறை போட்டு, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் மட்டும் இழுத்து வையுங்கள். ஓவன் அதே 70-இல் நிற்க, கீழே உள்ள பெரிய இழுப்பறைகளில் ஒன்றை 14 செ.மீ. குட்டையாக்கச் சொல்லுங்கள். கேக் தட்டு, பட்டர் பேப்பர், அச்சு எல்லாம் வைக்க அந்த இழுப்பறை இப்போதே பயன்படும். ஒன்று கவனியுங்கள். வாங்கினால் ஓவன் எந்த கம்பெனியோ அதே கம்பெனி டிராயராகப் பாருங்கள். பல டிராயர்களின் தலைமேல் ஓவன் நேராக உட்காரும், நடுவில் பலகை கிடையாது. எடையும் முன்பக்க இடைவெளியும் ஜோடியாக வடிவமைத்ததுதான் சரியாக வரும். வாக்குவம் டிராயர் என்றொன்றும் இதே 14 செ.மீ. முகத்தோடு கடையில் பக்கத்திலேயே இருக்கும். அது பையில் காற்றை உறிஞ்சி ஒட்டுகிற இயந்திரம், சூடாக்காது.

இனி ஓவன். இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் பன்னிரண்டு, பதினான்கு ‘ஃபங்ஷன்’களை எண்ணாதீர்கள். பின்சுவர் விசிறியைச் சுற்றி வட்டமாக ஒரு ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். திருகுக் குமிழில் விசிறிச் சின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்திருந்தால் வளைய ஹீட்டர் உண்டு. விசிறிக்கு மேலும் கீழும் கோடு மட்டும் இருந்தால், மேல் கீழ் ஹீட்டர்களின் சூட்டை விசிறி கலக்கிவிடுகிறது, அவ்வளவே. இரண்டு தட்டு பிஸ்கட்டை ஒரே நேரத்தில் சுட வேண்டுமென்றால் வளைய ஹீட்டர் இல்லாமல் முடியாது. மற்றதில் மேல்தட்டு கருகும்போது கீழ்த்தட்டு வெளுத்திருக்கும். அதேபோல அடி ஹீட்டர் மட்டும் தனியாக எரியும் நிலை வேண்டும், பீட்சாவுக்கும் குல்ச்சாவுக்கும் அடி மொறுமொறுப்பு அதிலிருந்துதான் வரும். கிரில் வேண்டும், தந்தூரி சிக்கனுக்கும் மீனுக்கும். சிக்கனைச் சுழற்றும் கம்பி இருந்தால் ஆசைக்கு நாலு தடவை போடுவீர்கள். அதைக் கழுவிய பிறகு ஐந்தாவது தடவை போட மாட்டீர்கள்.

கொள்ளளவு 65 முதல் 71 லிட்டருக்குள் வருவதெல்லாம் நடைமுறையில் ஒன்றுதான். தட்டின் அகலத்தைப் பாருங்கள், 45 செ.மீ. அளவு இருக்கும். உங்களிடம் உள்ள பெரிய கேக் டின்னையும் பிரியாணிக்கு வைத்திருக்கும் மண்சட்டியையும் கடைக்கே எடுத்துப்போய் உள்ளே வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நீட்டி இழுக்கும் ரெயில் ஒரு தட்டுக்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று கிலோ சட்டியைச் சூட்டோடு இழுக்கும்போது அதன் அருமை தெரியும்.

சூடு எவ்வளவு குறைவாகவும் துல்லியமாகவும் நிற்கிறது என்பதையும் பலர் கேட்பதே இல்லை. தூத்துக்குடி மக்ரூன் மாதிரி முட்டை வெள்ளை, முந்திரி, சர்க்கரை கலந்து மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் உலரவைக்கிற பலகாரத்துக்கு 250 டிகிரி போகிற ஓவனின் வீரம் உதவாது. 50 டிகிரியிலிருந்தே வைக்க முடிகிறதா, ஐந்து ஐந்து டிகிரியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உங்கள் வீட்டுக்கென்றே உள்ள சிக்கல்: சிக்கனும் கேக்கும் ஒரே ஓவனில். கொழுப்பு தெறித்து உள்சுவரில் காய்ந்துவிடும். அடுத்த வாரம் 180 டிகிரியில் கேக் வைத்தால் அந்த வாடை கேக்கில் ஏறும். மாமியார் வாயில் வைக்க மாட்டார். அதற்காகவே உங்களுக்கு பைரோலிடிக் சுத்தம் உள்ள ஓவனைச் சொல்கிறேன். கதவைத் தானே பூட்டிக்கொண்டு உள்ளே 500 டிகிரி அளவுக்குச் சூடேறி ஒட்டியிருக்கும் எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் வாடையும் போய்விடும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து யூனிட் ஆகும், மாதம் ஒருமுறை போதும். போடுமுன் கம்பித்தட்டு, ரெயில் எல்லாவற்றையும், கையேடு உள்ளேயே விடலாம் என்று சொன்னாலொழிய, வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள், அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது. நீராவிச் சுத்தம் என்று விலை குறைந்த மாடல்களில் சொல்வது, தண்ணீரைக் கொதிக்கவைத்து அழுக்கை ஊறவைப்பது மட்டுமே. தேய்க்கிற வேலை உங்களுடையதுதான். ‘சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று’ என்று 45 செ.மீ. உயரக் குட்டி ஓவன் இரண்டு போட்டவர்களும் உண்டு. பாட்டி கடுமையாக இருக்கிற வீடுகளில் அது நல்ல ஏற்பாடு.

நீராவி ஓவன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கடையில் கட்டாயம் பேசுவார்கள். காய்கறிக்கும் மீனுக்கும் அருமை, மறுபடி சூடுசெய்ய மைக்ரோவேவைவிட நன்றாக இருக்கும். இட்லியும் வேகும். ஆனால் கேஸில் பத்து நிமிடத்தில் வேகிறதற்கு ஏன் என்ற கேள்வி பாக்கி. தாம்பரத்து போர் தண்ணீரை அதில் ஊற்றினால் சீக்கிரமே உப்புப் படிந்துவிடும். அந்தப் படிவை நீக்கும் வேலைக்குத் தயார் என்றால் வாங்குங்கள்.

கதவுக் கண்ணாடி மூன்று அடுக்காவது இருக்கட்டும், பைரோலிடிக் ஓவனில் நான்கும் இருக்கும். சின்னப் பிள்ளை கை வைத்தால் சுடக்கூடாது. கீழே சாயும் கதவு திறந்தால் அரை மீட்டர் அளவு வெளியே நீளும். எதிர்ப்பக்க மேடைக்கும் இதற்கும் நடுவே ஒரு மீட்டராவது இல்லையென்றால் நிற்க இடம் கிடைக்காது. எடுத்த சூடான தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் இறக்கிவைக்க 40 செ.மீ. அகல மேடை வேண்டும். உங்கள் படத்தில் டால் யூனிட்டின் ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், மறுபக்கம் வாசல். 200 டிகிரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கப் போகிறீர்களா? ஃபிரிட்ஜையும் டால் யூனிட்டையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். அப்போது ஓவனுக்கு அருகே மேடை வந்துவிடும்.

இப்போது ஆசாரியிடம் பேச வேண்டியது. 60 செ.மீ. ஓவன் என்பது முகத்தின் அளவு. உள்ளே போகிற உடம்பு 56 செ.மீ.க்குள். வெளியளவு 600 மி.மீ. பாக்ஸில் இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் மிச்சம் 564. உள்ளே லைனர் (மெல்லிய உள்தாள்) ஒட்டினால் 562. ஓவன் அழகாகப் போய் உட்காரும். ஒரு வீட்டில் ஆசாரி ‘கனமான சாமான் சார், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று 25 மி.மீ. பலகை போட்டுவிட்டார். 600-இல் 50 போனால் 550. ஓவன் வாசலிலேயே நின்றது. பக்கப் பலகை இரண்டையும் கழற்றி மாற்றினோம். அவர் எண்ணம் தப்பில்லை, கனத்தை அடித்தட்டில் காட்டியிருக்க வேண்டும். ஓவன் முப்பது நாற்பது கிலோ இருக்கும், அடித்தட்டுக்குக் கீழே ஒரு தாங்கு கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். கடப்பா கல் வைத்துக் கட்டிய பழைய அடுப்படிகளிலும் ஓவன் பொருத்தியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது. கல்லை அறுத்தபின் ‘ஐந்து மில்லி குறைகிறது’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும். எனவே மாடலை முடிவுசெய்து, அதன் வரைபடத்தை ஆசாரி கையில் கொடுத்த பிறகுதான் பலகை அறுக்க வேண்டும். முதுகுப் பலகையில் காற்று ஏற வழியும், ஸ்கர்ட்டிங்கில் காற்று நுழைய சல்லடையும் அந்த வரைபடத்திலேயே இருக்கும். பூச்சி வரும் என்று அதை அடைக்கிறவர்கள் உண்டு. பிறகு கன்ட்ரோல் போர்டு புழுங்கிச் சாகும்.

பிளக் பாயின்ட்டை ஓவனுக்கு நேர் பின்னால் வைக்கவே கூடாது. ஓவன் உடம்பின் ஆழம் 55 செ.மீ., அலமாரி உள்ளாழம் 57, 58. 16 ஆம்ப்ஸ் பிளக் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. துருத்தும். கூட்டிப் பாருங்கள், ஓவன் இரண்டு மூன்று செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வேளச்சேரியில் ஒரு வீட்டில் அப்படித்தான் நின்றது. பொருத்த வந்த பையன் ‘டிசைனே அப்படித்தான் மேடம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில் சுவிட்சோடு வையுங்கள். ரிப்பேர் என்றால் ஓவனை இழுக்காமலே அணைக்க முடியும்.

வயர் விஷயம். 3.5 கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் இழுப்பது 15.2 ஆம்ப்ஸ். பில்டர் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் போட்ட லைனில் இதைச் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அது 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், நடுவில் ஃபிரிட்ஜுக்கும் ஒரு லூப் போயிருக்கும். டி.பி.யிலிருந்து (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இழுக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் என்றால் ஒரு நாள் வேலை, ஒட்டிய பிறகு என்றால் சுவரை உடைக்கும் வேலை. இண்டக்‌ஷன் அடுப்பும் ஏசியும் சேர்ந்து ஓடுகிற வீடு என்றால் மொத்த லோடையும் எலக்ட்ரீஷியனிடம் கணக்குப் போடச் சொல்லி, மூன்று ஃபேஸில் பிரித்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஓவனை மாட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வோல்டேஜ் குறைகிற ஏரியா என்றால் இன்னொரு கணக்கு. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 3.5 கிலோவாட் தருகிற ஹீட்டர் 190 வோல்ட்டில் 2.4 கிலோவாட்தான் தரும், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கோடை மாலையில் ‘பத்து நிமிடத்தில் 200 டிகிரி என்று போட்டிருக்கிறதே, இருபது நிமிடமாகியும் ஏறவில்லை’ என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது வோல்ட் மீட்டர் என்ன காட்டுகிறது என்றுதான்.

மழைக்காலத்தில் வருகிற போன் வேறு. ஏழெட்டு மாதம் தொடாமல் இருந்த ஓவனை தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகிவிடும். ஓவன் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு பொடி நிரப்பியிருப்பார்கள். அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசியும், 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. தன் கடமையைச் செய்யும். அதற்காக ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிற எலக்ட்ரீஷியன் இருந்தால் அவரை வழியனுப்பி வையுங்கள். மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சோதித்து உலர்த்த சர்வீஸ் ஆளுக்குத் தெரியும். இது வராமல் இருக்க மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓவனை ஓட்டினால் போதும். நம் வீடுகளில் ஓவன் கடைசியில் தோசைக்கல்லும் வாணலியும் வைக்கிற அலமாரியாக மாறிவிடுகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

எந்த பிராண்ட் என்று கேட்டிருந்தீர்கள். போஷ், சீமென்ஸ், ஐ.எஃப்.பி., ஃபேபர், ஹாஃபெலே, மீலே என்று பெயர்களை அடுக்குவதில் பயனில்லை. போஷும் சீமென்ஸும் வீட்டுச் சாதனங்களில் ஒரே நிறுவனக் குழுமம் செய்வதுதான், முகத்துக்கும் பட்டனுக்கும் விலை கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்தால் பேரம் பேச உதவும். நான் பார்க்கச் சொல்வது, உங்கள் ஊரில் அந்த கம்பெனிக்குச் சொந்த சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, கதவுக் கீலும் ரப்பர் கேஸ்கெட்டும் கையிருப்பில் கிடைக்குமா என்பதை. அதைக் கடைக்காரரிடம் கேட்காமல் சர்வீஸ் எண்ணுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

பொருத்தும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் இரண்டோ நான்கோ ஸ்குரூ துளை தெரியும். அதில் ஸ்குரூ ஏறியிருக்கிறதா பாருங்கள். ‘எங்கே போகப் போகிறது’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திறந்த கதவின்மேல் ஐந்து கிலோ சட்டியை இறக்கினால் ஓவனே முன்னால் சாயும். விளக்கு எரிகிறது, எண் ஓடுகிறது, ஆனால் சூடு வரவில்லை என்றால் கடையில் காட்சிக்கு வைக்கிற டெமோ நிலையில் இருக்கலாம், கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள். முதல் தடவை வெறும் ஓவனை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து நாறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிறகு ஒரு பாக்கெட் பிரெட் வாங்கி, கம்பித்தட்டு முழுக்க இடைவெளி விடாமல் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். எந்த மூலை கருத்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்பது உங்கள் ஓவனின் ஜாதகம். போட்டோ எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், இனி கேக் டின்னை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டாம். டிகிரி சரியாகக் காட்டுகிறதா என்று அறிய சர்க்கரை போதும். சர்க்கரை உருகுவது 186 டிகிரி பக்கத்தில். ஒரு ஸ்பூன் சர்க்கரையை 175-இல் கால் மணி நேரம் வைத்தால் உருகக்கூடாது, 190-இல் உருக வேண்டும். முதல் தடவையிலேயே உருகினால் ஓவன் சொல்வதைவிட அதிகம் சுடுகிறது. வாரன்டியிலேயே சரிசெய்து வாங்குங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு மணி காட்டும் எண்கள் மினுமினுத்துக்கொண்டே இருக்கும், எந்த பட்டனை அழுத்தினாலும் சூடு ஏறாது. பல மாடல்கள் நேரத்தைச் சரிசெய்யும்வரை ஹீட்டரைத் திறந்துவிடாது. சர்வீஸுக்குப் போன் போடாதீர்கள், வந்து மணியைத் திருப்பிவைத்துவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போவார்கள். எந்த பட்டனை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்று மாமியாருக்கும் ஒரு தடவை காட்டிக்கொடுத்துவிடுங்கள்.